கயிறு கட்ட ஓர் இடம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்லேட், சென்ட் பாட்டில், வைட்டமின் மாத்திரை. ஒரு முறை என் பெட்டியில் இவற்றோடு ஒன்பது மீட்டர் நைலான் பட்டை ஒன்றும் இருந்தது. சேற்றில் சிக்கிய வண்டியை இழுத்தெடுப்பதற்கென்றே செய்த பட்டை. தங்கையின் கணவருக்காக ஆசையாக வாங்கிப் போனேன். அந்தப் பரிசு எங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிரையே வாங்கியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான் என்றாலும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ் கேட்கும் ஊர். தங்கையைக் கொடுத்திருப்பது இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியில். இரண்டும் ஒரே மாநிலம். ஆனால் நாங்கள் போவதோ பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு தாண்டி, மறையூர், மூணாறு வழியாக.

மாப்பிள்ளைக்கு ஜீப்தான் பிழைப்பு. தேனி மாவட்டத்தில் சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கிறது கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். ஆனால் அதற்குப் போகும் ஜீப் பாதை சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. பாறையும் பள்ளமுமாக ஒன்றரை மணி நேரம் முதுகெலும்பைச் சோதிக்கும் பாதை. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. மலையில் குடியிருப்பவர்களுக்கோ அரிசி மூட்டையும் ஏல மூட்டையும், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணும் போக வேண்டிய வழி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைப் பலிகொண்டபோது, மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. அந்த மலைகளில் முதலில் கை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரிடம் இருப்பது ஒரு ஜீப்பும் ஒரு கயிறும்.

நான் போன மூன்றாம் நாள் நல்ல மழை. ஏல மூட்டை ஏற்றி வந்த ஜீப் ஒன்று அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளை என் பட்டையின் ஒரு முனையைச் சிக்கிய வண்டியின் முன் பம்பரில் கட்டினார். மறுமுனையைத் தம் ஜீப்பின் பின்புறம் மாட்டி, சற்றுப் பின்னால் வந்து வேகமெடுத்து இழுத்தார். 'படார்' என்று ஒரு சத்தம். பம்பர் பிய்ந்து, பட்டையோடு பறந்தது. மேட்டில் நின்று வேடிக்கை பார்த்த ஏழு வயது மருமகனின் தலைக்கு ஒரு முழம் மேலே போய்ச் சில்வர் ஓக் மரத்தில் மோதி விழுந்தது.

அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கை மட்டும் சொன்னாள்: "அண்ணா, இனிமே சாக்லேட் மட்டும் வாங்கிட்டு வா."

பட்டையின் மேல் குற்றமில்லை. நைலான் பட்டை ரப்பரைப் போல நீண்டு, ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்கிய வண்டியைச் சுண்டி இழுக்கும். இழுக்கும் வண்டியின் வேகம் இரு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். பம்பரோ சிறு இடியைத் தாங்கச் செய்த தகடு. உண்டிக்கோலின் ரப்பரை இழுத்துவிட்டுக் கவட்டையை ஒடித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. கயிறு எவ்வளவு உறுதி என்று பார்த்து வாங்கிய நான், அதை எதில் கட்டுவார்கள் என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூரில் ஒரு பட்டறைக்குப் போனோம். கட்டடக் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கிச் சேசிஸில் பற்றவைத்துத் தருவதாக மேஸ்திரி சொன்னார். பல ஜீப்புகளில் அப்படித்தான் இருக்கிறது. நான் வேண்டாமென்றேன். திறந்த கொக்கி பாரம் ஏறினால் நிமிரும். பற்றவைத்த சூட்டில் சுற்றியுள்ள இரும்பின் குணம் மாறி, விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பிறகு செய்தது இது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் இரண்டு துண்டுகள், சேசிஸின் இடது சட்டத்துக்கு ஒன்று, வலது சட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். முதல் 8, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும். அடுத்த 8, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிரந்தரமாக நீளாது என்பதைக் குறிக்கும். சட்டத்தின் உட்புறம் ஒரு தாங்கு தகடு வைத்தோம், போல்ட் தலை சட்டத்தைக் கிழித்துக்கொண்டு வராமலிருக்க. துளைகளைச் சட்டத்தின் பக்கச் சுவரில்தான் போட்டோம். மேல், கீழ் மடிப்புகளில் துளைத்தால் சட்டம் பலமிழக்கும்.

ஷேக்கிள் மாட்டும் துளையைக் கேஸில் வெட்டாமல் டிரில்லில் போட்டு, ஓரத்தை அரம் கொண்டு மழுக்கினோம். 4.75 டன் என்று பொறித்த ஷேக்கிளின் ஆணி 22 மில்லிமீட்டர். அதற்கு 25 மில்லிமீட்டர் துளை. துளைக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் இரும்பு விட்டோம். தகடு பம்பருக்கு வெளியே நீட்டவும் இல்லை. நடந்து போகிறவர் மேல் இடித்தால் ஆபத்து. வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் உத்தரவிட்டதற்கும் அதுவே காரணம்.

சமதரையில் மெதுவாக இழுத்துச் சோதித்தோம். போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தேன். கோடு விலகினால் போல்ட் அசைந்திருக்கிறது என்று பொருள். விலகவில்லை.

கொக்கியைவிட முக்கியமானவை பழக்கங்கள். முதலில் மண்வெட்டியால் சேற்றை வாரு. பாதி வேலை அதிலேயே முடியும். இரண்டு கொக்கியிலும் கயிறு மாட்டிப் பாரத்தைப் பகிர்ந்து இழு. ஆனால் கயிறுகளுக்கு நடுவே கோணம் அகலக் கூடாது. 60 பாகையில் ஒவ்வொரு கொக்கிக்கும் பாரத்தில் சுமார் 58 சதவீதம். 120 பாகையானால் இரண்டுக்குமே முழுப் பாரம்! கயிற்றின் மேல் நனைந்த சாக்கு ஒன்றைப் போடு. கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் அந்தப் பக்கமே கூடாது.

சென்ற ஆடி மாதம் மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டார். "மச்சான், ராத்திரி ஒரு வண்டி ஓடையில இறங்கிடுச்சு. நம்ம ஜீப்பையே ஓரத்துல நிறுத்தி இழுத்தோம். கோடு அசையல." பின்னாலிருந்து மருமகனின் குரல்: "மாமா, நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன்!"

அன்பர்களே, பனியில் சறுக்கிச் சாலையோரம் இறங்கும் நம் கார்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். பெரும்பாலான கார்களின் டிக்கியில், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், திருகி மாட்டும் இரும்பு வளையம் ஒன்று இருக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் அதற்கான துளை தெரியும். அது நிதானமாக இழுப்பதற்கு மட்டுமே. சுண்டி இழுப்பதற்கு அல்ல. முதல் பனி விழுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வளையத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள்.