வசாபி: கால் மணி நேரத்து நெடி

சுஷித் தட்டின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சைப் பசை வைப்பார்கள். அதை வசாபி என்று நம்பித்தான் உலகம் சாப்பிடுகிறது. ஜப்பானுக்கு வெளியே அது பெரும்பாலும் வசாபி கிடையாது. ஹார்ஸ்ராடிஷ் என்ற ஐரோப்பியச் செடியின் வேரை உலர்த்திப் பொடித்து, கடுகுத் தூளும் மாவுச்சத்தும் பச்சைச் சாயமும் சேர்த்துக் குழைத்த கலவை அது. ஜப்பானிலேயே மலிவு விலை டியூப்களில் ஹார்ஸ்ராடிஷ் தாராளமாக இருக்கிறது.

அசல் வசாபி கடுகுக் குடும்பத்துச் செடி. அதன் ரசாயனம் புரிய நம் அஞ்சறைப் பெட்டியே போதும். முழுக் கடுகை முகர்ந்தால் நெடி இல்லை. சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் அதற்குள் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. நசுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. தன்னைக் கடிக்கும் பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. தாளிக்கும் கடுகு மூக்கில் ஏறாததற்குக் காரணம், எண்ணெய்ச் சூட்டில் நொதி செயலிழந்துவிடுவதுதான். ஆவக்காய்க்குப் பச்சையாகப் பொடித்த கடுகில் நொதி அப்படியே இருக்கிறது. அதனால்தான் அந்த நெடி. வசாபித் தண்டுக்குள் நடப்பதும் இதே வேலைதான்.

மிளகாயின் காப்சைசின் எளிதில் ஆவியாகாது. நாக்கிலேயே தங்கி எரிக்கும். வசாபியின் நெடி ஆவியாகித் தொண்டை வழியே மூக்குக்கு ஏறி, டிஆர்பிஏ1 என்ற நரம்பு உணர்வியைத் தட்டி, சில நொடிகளில் அடங்கிவிடும். தூங்குபவரையும் எழுப்பிவிடும் நெடி என்பதால், காது கேளாதோருக்காக இதை வைத்து ஒரு தீ எச்சரிக்கைக் கருவியையே ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். அதற்கு 2011இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு வேதியியல் பிரிவில் கிடைத்தது.

அப்படியானால் ஹார்ஸ்ராடிஷ் போதாதா? சுள்ளென்று ஏறும் நெடிக்குப் போதும். இரண்டிலும் முதன்மைப் பொருள் ஒன்றேதான். ஆனால் வசாபியில் நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட வேறு சில ஐசோதயோசயனேட்டுகளும் உண்டு. பச்சிலை வாசமும் காரத்துக்குப் பின்னே வரும் இளம் இனிப்பும் சேர்ந்த அந்தச் சுவையைக் கலவைப் பசையில் நான் கண்டதில்லை. நட்டம் அங்கேதான்.

அந்த வாசம் நிற்பதும் கொஞ்ச நேரமே. மரப்பலகையில் ஒட்டிய சுறாத்தோலின் மேல், இலைக் காம்பை நறுக்கிய முனையை வைத்து வட்டமாக, அவசரமில்லாமல் இழைப்பார்கள். தோலின் நுண்பற்கள் திசுவை நார் நாராகக் கிழிக்காமல் மசிய வைக்கும். எவ்வளவு மசிகிறதோ அவ்வளவு நொதி வேலை செய்யும். சில நிமிடங்களில் நெடி உச்சத்துக்கு வரும். கால் மணி நேரத்தில் மங்கத் தொடங்கும். அதனால்தான் தேர்ந்த சமையல்காரர்கள் அதைச் சோயா சாஸில் கரைக்க விடுவதில்லை. மீன் துண்டின் மேல் வைத்து உண்ணச் சொல்கிறார்கள்.

வளர்ப்பதோ இதைவிடப் பாடு. நாம் கிழங்கு என்று நினைப்பது உண்மையில் தண்டு. அது தேறி வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். நேரடி வெயில் ஆகாது. ஓடும் நீர் 12 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. தேங்கினால் அழுகிவிடும். ஷிசுவோகா மாநிலத்தின் உதோகி என்ற மலையூரில் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் சாகுபடி தொடங்கியது என்பார்கள். பின்னர் இசு தீபகற்பத்தில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, அடியில் பெருங்கல், அதன்மேல் சிறுகல், மேலே சரளையும் மணலும் பரப்பிப் பாத்தி கட்டும் முறை உருவானது. ஊற்று நீர் இந்த அடுக்குகளில் வடிகட்டப்பட்டு, வேருக்கு உயிர்க்காற்றைக் கொடுத்துக்கொண்டே கீழ்ப் பாத்திக்கு இறங்குகிறது. உரம் ஏறக்குறைய தேவையில்லை. நீர் கொண்டுவரும் சத்தே பயிரை வளர்க்கிறது. ஷிசுவோகாவின் இந்த மரபை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018இல் உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

நாகானோ மாநிலத்தின் அசுமினோவில் வேறு விதம். ஆல்ப்ஸ் என்றே அழைக்கப்படும் ஜப்பானிய மலைத்தொடரின் பனி உருகி, நிலத்தடியில் ஊறிச் சமவெளியில் மேலெழும் நீரில் பரந்த வயல்களாகவே வசாபி விளைகிறது. கோடையில் கறுப்பு வலையால் மூடிவிடுவார்கள். அகிரா குரோசாவாவின் ‘டிரீம்ஸ்’ (1990) படத்தில் வரும் நீராலைகள் இங்குள்ள டையோ பண்ணையில் அமைக்கப்பட்டவைதான்.

புயல் ஒன்று வந்தால் கல்லடுக்குப் பாத்திகள் அடித்துச் செல்லப்படும். நீர் சூடாகிறது, விவசாயிகளுக்கு வயதாகிறது, விளைச்சல் குறைந்துகொண்டே வருகிறது. இதற்கு நடுவே இழைத்த வசாபியை எல்லாத் தட்டுக்கும் கேட்பது நியாயமில்லை. ஹார்ஸ்ராடிஷ் விற்பதும் குற்றமில்லை. அதை வசாபி என்ற பெயரில் விற்பதுதான் ஏமாற்று. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள்: அசல் வசாபி பாதியோ அதற்கு மேலோ இருந்தால் ‘பயன்படுத்தியது’ என்றும், குறைந்தால் ‘சேர்த்தது’ என்றும் உறையில் அச்சிட வேண்டும். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் இப்போது வசாபி டியூப்கள் வந்துவிட்டன. முன்பக்கப் படத்தை விடுங்கள்; திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.