ஒன்றாகச் செல்லும் படகுகளைக் கணினி கண்டறிவது எப்படி?

பனச்சமூடு: தமிழக–கேரள எல்லையில் அமைந்துள்ள பனச்சமூட்டுக்குத் தெற்கே, கடலோரத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆகிய மீனவ கிராமங்கள் உள்ளன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த இப்பகுதி மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. எந்தப் படகு எங்கே உள்ளது, அதன் அருகே இருந்தவை எவை என்பதைக் கரையிலிருந்தே அறியும் கருவி பெரும்பாலான படகுகளில் அப்போது இல்லை.

இக்குறையைப் போக்க, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியை 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மோடி 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் தொடங்கி வைத்தார். திட்ட மதிப்பு சுமார் ரூ.360 கோடி. செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் இக்கருவி உதவுகிறது.

இருப்பிடப் புள்ளிகள் கிடைத்துவிட்டால், ஒன்றாகச் செல்லும் படகுகளைக் கணினியால் பிரித்தறிய இயலும். இதற்கு மூன்று அளவுகள் தேவை: எத்தனை படகுகள், எவ்வளவு நெருக்கம், எவ்வளவு நேரம். துறைமுக வாயிலில் இரு படகுகள் எதிரெதிரே கடந்து செல்வதும் நெருக்கமே; ஆனால் அது கூட்டமாகாது. கால அளவு இன்றியமையாதது என்பது இதனால்தான்.

தொடக்க கால முறைகளில் ஒன்று, குறிப்பிட்ட ஆரமுள்ள வட்டத்துக்குள் அடங்குவனவற்றையே கூட்டமாகக் கொண்டது. நீண்ட வரிசையில் செல்லும் படகுகள் அவ்வட்டத்துக்குள் அடங்குவதில்லை. 2008-இல் ஹோயுங் ஜியுங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முன்வைத்த ‘கான்வாய்’ முறை இதற்குத் தீர்வு கண்டது. முதல் படகுக்கு இரண்டாவது அருகில், இரண்டாவதற்கு மூன்றாவது அருகில் எனச் சங்கிலித் தொடர்போல் இணைந்தால் போதும். முதலும் கடைசியும் தொலைவில் இருக்கலாம். 2010-இல் வெளியான ‘ஸ்வார்ம்’ முறையோ இடையிடையே பிரிந்து மீண்டும் சேர்வதையும் ஏற்கிறது. சுறாவைத் தேடிப் பல நாள்கள் ஆழ்கடலில் தங்கும் தூத்தூர் பகுதிப் படகுகளுக்கு இதுவே பொருத்தமானது எனலாம்.

விடுபட்ட புள்ளிகளைக் கையாள்வதில்தான் சிக்கல் எழுகிறது. முன்னும் பின்னும் உள்ள இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து இடைவெளியை நிரப்புவது வழக்கம். மூழ்கிய படகுக்கோ பின்புள்ளி என்பதே இராது. கணினி அதனைக் ‘கூட்டத்திலிருந்து விலகியது’ என்று பதிந்துவிட்டு, எஞ்சியவற்றைத் தொடர்ந்து கணக்கிடும். மீட்புப் பணிக்கோ அந்த விலகலே முதல் தகவல். ஐந்து படகுகளில் நான்கின் சமிக்ஞை வந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் நின்றுபோனால், அது கருவிக் கோளாறாகவும் இருக்கலாம். ஆயினும் அருகிலுள்ள நான்கு படகுகளுக்கும் உடனே குறுஞ்செய்தி அனுப்பி விசாரிக்க வழியுண்டு.