வாசல் அறிந்து வழி நடப்போம்



கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கப் பொருள் போதுமா என்று கணக்குப் பார்க்க மாட்டானா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அடித்தளம் போட்டுவிட்டு முடிக்க இயலாமல் நிற்பவனை ஊரார் நகைப்பார்கள். பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்களும் இப்போது ஒரு கோபுரத்திற்கு அடித்தளம் போடும் நிலையில்தான் இருக்கிறோம். ஆனால் எங்களில் எத்தனை பேர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம்?

சென்ற ஆண்டு பள்ளியின் பாதுகாவலர் திருவிழாவிற்கு வந்திருந்த பழைய மாணவி ஒருவர், வேப்பமரத்தடியில் எங்களோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். படுக்கையில் இருந்த பாட்டியைச் சிறு வயது முதல் பேணி வந்த அவருக்குச் செவிலியர் ஆக வேண்டும் என்பதே ஆசை. பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது உயிர்த்தோழி கணக்குப்பதிவியல் குரூப்பில் சேர்ந்தாள் என்று இவரும் அதிலேயே சேர்ந்துவிட்டார். முன் ஏர் போன வழியே பின் ஏர் போயிற்று. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். ஆனால் செவிலியர் பட்டப்படிப்பு விண்ணப்பத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கேட்டிருந்தார்கள். எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. இன்று அவர் பி.காம். படிக்கிறார். "நான் யாரையும் குறை சொல்லவில்லை. நீ என்னவாகப் போகிறாய் என்று அன்று ஒருவராவது கேட்டிருந்தால் போதும், தங்கச்சிகளா" என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரை எழுத எங்களைத் தூண்டியது.

எங்கள் பாட்டிமார் காலத்தில் பள்ளியில் பதினொரு ஆண்டு படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பின்பு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்தார்கள். குரூப் எடுப்பது கல்லூரி வாசலில்தான். 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்தத் தேர்வு பள்ளிக்குள் வந்துவிட்டது. ஆகவே பதினைந்து வயதிலேயே நாம் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பாதையைப் பின்னால் மாற்றச் சில வழிகள் உண்டு. ஆயினும் ஓராண்டுக் காலமும் பெற்றோரின் பணமும் அதற்கு விலையாகும்.

எந்த வாசலுக்கு எந்தத் திறவுகோல் என்று நாங்கள் ஆசிரியைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கும் சேர்ந்ததே முதல் குரூப் எனப்படுவது. மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாசல்களும் இதில் திறந்திருக்கும். பாடச்சுமையும் அதற்கேற்பக் கூடுதல். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் எடுத்தால் பொறியியல் கிட்டும். மருத்துவ வாசல் அடைபடும். கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் எடுப்போர்க்கு மருத்துவமும் செவிலியமும் உண்டு. பொறியியலை மறந்துவிட வேண்டும். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் எடுப்போர் பி.காம்., வங்கி, தணிக்கை போன்ற துறைகளுக்குச் செல்லலாம். சட்டப்படிப்புக்கும், பட்டயக் கணக்காளர் ஆவதற்கான முதல் நிலைத் தேர்வுக்கும் எந்தக் குரூப்பில் பிளஸ் டூ படித்தவரும் செல்லலாம் என்பது எங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

மருத்துவப் படிப்பிற்கு 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வு கட்டாயமாகிவிட்டது. பொறியியலுக்கோ நம் மாநிலத்தில் நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அதில் கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் 50, 50க்கும் மாற்றி மொத்தம் 200க்குக் கணக்கிடுகிறார்கள். ஒருத்தி கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்கினால் 90, 40, 42 சேர்ந்து 172 ஆகிறது. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண் மற்ற பாடங்களில் இழக்கும் இரண்டுக்குச் சமம் என்பதைக் கவனிக்க! மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் ஒரு பொது நுழைவுத் தேர்வு நடைபெற்று வருகிறது.

பாதுகாப்புப் படையின் வாசலும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. தேசியப் பாதுகாப்பு அகாதமியில் 2022இல் முதன்முறையாக மாணவியர் சேர்ந்தார்கள். அவர்களில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். அங்கே தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் ஏற்கும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும்.

இதைப் படிக்கும்போது எங்களில் சிலருக்கு வருத்தம் வந்தது. ஏனெனில், "கணக்கு வராது, விட்டுவிடு" என்று ஏழாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டவர்கள் நாங்கள். கணக்கு வரவில்லை என்பதும் கணக்குக்கு உழைக்கவில்லை என்பதும் வேறு வேறு. பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று கணக்கு வந்துவிடாது. எட்டிலும் ஒன்பதிலும் இயற்கணிதத்தை ஊன்றிக் கற்றவளுக்கே அது கைகொடுக்கும். ஆகையால் இந்தக் கட்டுரை எங்களைவிட எட்டாம் வகுப்புத் தங்கையருக்கே அதிகம் பயன்படும். உண்மையிலேயே கணக்கில் மனம் செல்லாதவள் வெட்கப்படவும் வேண்டாம். அவளுக்கான வாசல்களும் பல உண்டு. தாலந்து உவமையில் எசமானர் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கவில்லையே!

பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்போர் இன்றும் உண்டு. சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பெண்களே இல்லாதிருந்த காலத்தில், பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்ற அ. லலிதா, இண்டர்மீடியட் தேறி, 1940இல் அங்கே மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அவருக்குத் தந்த பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்து 'அவள்' என்று திருத்த வேண்டியிருந்தது! அதே கல்லூரியில் அக்காலத்தில் படித்த பி.கே. திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அவர்கள் சென்றபோது வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. நாம் அதை அறியாதிருந்தால் குற்றம் யாருடையது?

இனிப் பெற்றோர்க்குச் சில சொற்கள். பணிவோடு சொல்கிறோம்.

முதலாவது, எங்கள் பெயர். ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் மற்றொன்று, ஆதாரில் தலைப்பெழுத்து மாறி மூன்றாவது ஒன்று என்று எங்கள் வகுப்பிலேயே சிலருக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாகுமுன் இவற்றை ஒன்றாக்கிவிட வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சான்று ஆகியவற்றை விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைப்பது நலம்.

இரண்டாவது, உதவிகள். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கானது. நம் பள்ளி போன்ற உதவிபெறும் பள்ளி மாணவியர்க்கு அது இல்லை. அதை நம்பி யாரும் திட்டமிட வேண்டாம். ஆனால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024 டிசம்பரில், உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த மாணவியர்க்கும் விரிவாக்கப்பட்டது. கல்லூரியில் படிக்கும் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் திட்டம் அது.

மூன்றாவது, எங்களோடு பேசுங்கள். பக்கத்துப் பள்ளியில் வேண்டிய குரூப் இல்லை, தூரத்துப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்ப அச்சம் என்ற காரணத்தால் ஒருத்தியின் வாழ்க்கை திசை மாற வேண்டுமா? அச்சம் நியாயமானதே. ஆயினும் நாலு பேராகச் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போக ஏற்பாடு செய்தால் அது தீர்ந்துவிடலாம். அதுபோலவே, எதிர்வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்பதற்காக முதல் குரூப்பில் எங்களைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

சகோதரிகளே, இன்று வீட்டிற்குச் சென்றதும் ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். நான் என்னவாக விரும்புகிறேன். அந்தப் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது. அந்தக் குரூப் எந்தப் பள்ளியில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு செலவாகும். அது கிடைக்காவிடில் அடுத்த வாசல் எது? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதி, அப்பா அம்மாவிடமும் வகுப்பாசிரியையிடமும் காட்டுவோம். தோழியின் தாளைப் பார்த்து எழுத வேண்டாம். இது தேர்வுத்தாள் அன்று, நம் வாழ்க்கை.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் எதற்கு? திருவள்ளுவரும் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு எழுந்தால், கட்டி முடிக்கும் வலிமையை இறைவன் தருவார். வேப்பமரத்தடியில் அந்த அக்காவிடம் யாரும் கேட்காத கேள்வியை, அடுத்த ஆண்டு இம்மரத்தடியில் அமரப்போகும் தங்கையரிடம் நாம் கேட்போமாக!