வன்தட்டைப் பங்கிடும் வேளை

கணனியில் புதிய இயங்குதளமொன்றை நிறுவ முற்படுவோர் திகைத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் திரையே அது. மொழியையோ நேரத்தையோ தவறாகத் தெரிவு செய்தால் பின்னர் திருத்திக்கொள்ளலாம். இங்கு தவறினால் பல்லாண்டுச் சேமிப்பும் போய்விடும்.

காணியைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது எல்லைகளை உறுதியில் எழுதுகிறோம் அல்லவா? வன்தட்டிலும் அத்தகைய உறுதி ஒன்றுண்டு. 1983 இல் டொஸ் 2.0 உடன் வந்த முறையில் அது 64 பைற் அளவினதே. நான்கு பகுதிகளுக்கு மேல் எழுத இடமில்லை. பின்வந்த ஜி.பி.ரி. முறையில் வழக்கமாக 128 பகுதிகள் வரை எழுதலாம்.

இடர் தருவது திரையில் தோன்றும் பெயர்களே. விண்டோஸில் சி, டி என நாம் அறிந்த பகுதிகள் லினக்ஸ் திரையில் எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2 என வேறு பெயர் பூண்டு நிற்கும். அளவைக்கொண்டு அடையாளம் காண முயன்றால் அதுவும் ஏமாற்றும். 1000 ஜிகாபைற் என விற்கப்படும் தட்டை விண்டோஸ் 931 எனக் காட்டும். விற்போர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024 ஆலும் கணக்கிடுவதே காரணம். (மாணவர்கள் இதனைக் கணித்துப் பார்க்கலாம்.)

2013 சனவரியில் வெளியான பெடோரா 18 இன் புதிய நிறுவல் நிரலில், வேலை முடிந்ததென அறிவிக்கும் பொத்தான் திரையின் இடப்பக்க மேல்மூலையில் இருந்தது. கொப்பி திருத்திய ஆசிரியர் எவரேனும் மேல்மூலையில் கையொப்பமிடுவாரா? உண்மையில் அதை அழுத்தியதும் எதுவும் அழிவதில்லை. நிறுவலைத் தொடங்கும்போதே அழியும். அஞ்சி நிற்பவருக்கு அது எவ்வாறு தெரியும்?

நம் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கணனியில், வேறொரு நிரலைக்கொண்டு இவ்வேலையைச் செய்தோம். முன்னைய கலைவிழா நாடகங்களின் ஒளிப்பதிவுகள் இருந்த பகுதியை வெற்றிடமென எண்ணி நீக்கிவிட்டோம். "நீக்கவா?" என்று மட்டுமே திரை வினவியது, உள்ளே என்ன இருக்கிறதென ஒரு வரி காட்டியிருந்தால் நம் கை நின்றிருக்கும். பெற்றோரிடம் சொல்ல நா எழவில்லை.

எனினும், பகுதியை நீக்கும்போது அழிவது உறுதியிலுள்ள வரி மட்டுமே. மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். (சுழலும் தட்டில்லாத புதுவகைச் சேமிப்பகங்களில் இவ்வாய்ப்பு அரிது.) உடனே கணனியை நிறுத்தினோம். உயர்வகுப்பு மாணவி ஒருத்தி டெஸ்ற்டிஸ்க் என்னும் மீட்பு நிரலால் பழைய எல்லையைத் தேடியெடுத்து மீண்டும் எழுதினாள். ஒளிப்பதிவுகள் திரும்பின. அவற்றை வெளித்தட்டொன்றில் நகலெடுத்து, அதன் இணைப்பைக் கழற்றி அலுமாரியில் வைத்த பின்னரே, அதே திரைக்கு முன் மீண்டும் அமர்ந்தோம்.