ஊடா, ஐடா, ஈடீ: பல்கலைக்கழகத்தில் பஞ்சாபியின் முதல் பாடம்

பஞ்சாப் மாநிலப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைப் படிப்புகள் பலவற்றில் பஞ்சாபி கட்டாயப் பாடம். பள்ளியில் அந்த மொழியைப் படிக்காமல் வந்து சேரும் மாணவருக்கு அதே இடத்தில் வேறொரு தாள் உண்டு. அதன் பெயர் ‘முட்லி பஞ்சாபி’, அதாவது அடிப்படைப் பஞ்சாபி. 1969-ல் தொடங்கப்பட்ட அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் இந்தத் தாள் எழுத்திலிருந்தே தொடங்குகிறது. எழுத்துகள், உயிர்க்குறிகள், கிழமைகள், மாதங்கள், ஒன்று முதல் நூறு வரை எண்கள் என்று படிப்படியாகப் போகிறது. வெளி மாநில மாணவர் விரும்பினால் பஞ்சாபின் வரலாறும் பண்பாடும் என்ற தாளை எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று ஆண்டு அந்த மண்ணில் வாழப் போகிறவருக்கு மொழித்தாள்தான் கைகொடுக்கும்.

நாமக்கல் மாவட்டத்தின் நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்துக்குப் பஞ்சாப் அறியாத ஊரல்ல. சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, வடக்கே லூதியானா, பக்வாரா, ஜலந்தர் வழியாகத்தான் காஷ்மீருக்கு ஏறுகிறது. லாரித் தொழில் செழித்த இந்த மாவட்டத்து ஓட்டுநர்களுக்கு அந்தச் சாலையும் அதன் ஓரத்துத் தாபாக்களும் பழக்கம். இப்போது பொறியியலும் வேளாண்மையும் படிக்கத் தமிழ் மாணவர்களும் அந்தத் திசையில் போகிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 3.3 கோடிப் பேரின் தாய்மொழி பஞ்சாபி. பாகிஸ்தானில் அதைப் பேசுவோர் இதைவிட அதிகம். அங்கே அரபு வழி வந்த ஷாமுகி எழுத்திலும் இங்கே குர்முகி எழுத்திலும் எழுதுகிறார்கள். குர்முகிக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர் சீக்கியரின் இரண்டாம் குருவான குரு அங்கத் (1504–1552).

குர்முகி நெடுங்கணக்குக்குப் ‘பைந்தி’ என்று பெயர். முப்பத்தைந்து என்று பொருள். எழுத்துகளின் எண்ணிக்கையும் அதுவே. முதலில் ஊடா, ஐடா, ஈடீ என்ற மூன்று எழுத்துகள் வருகின்றன. உயிரொலிகளைத் தாங்குவது இவற்றின் வேலை. அடுத்து ஸ, ஹ. பிறகு ஐந்து வரிசைகளில் இருபத்தைந்து மெய்கள், கடைசியில் ய, ர, ல, வ, ட-வை நாக்கு வருடி ஒலிக்கும் எழுத்து ஆகிய ஐந்து. அடியில் புள்ளி வைத்த ஆறு எழுத்துகள் பிற்காலத்தில் சேர்ந்தவை.

அந்த ஐந்து வரிசைகளைத் தமிழ் மாணவர் உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அவர் ஒன்றாம் வகுப்பில் படித்தவை: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம. வரிசை மாறவில்லை. புதிதாகப் பழக வேண்டியவை நடுவில் உள்ள மூன்று மூன்று எழுத்துகளே. ‘காகம்’ என்னும் சொல்லில் வரும் இரண்டு ககரங்களும் வெவ்வேறாக ஒலிப்பதைத் தமிழர் காது அறியும். தமிழில் இடத்தைப் பொறுத்து மாறும் ஒலிக்குப் பஞ்சாபியில் தனி எழுத்து இருக்கிறது. மூச்சை வெளியே தள்ளி ஒலிக்கும் எழுத்துகளுக்குத்தான் பயிற்சி வேண்டும்.

இரட்டிக்கும் ஒலியும் தமிழருக்கு எளிது. பஞ்சாபியில் ‘பதா’ என்றால் முகவரி, ‘பத்தா’ என்றால் இலை. ஏழு என்பது இந்தியில் ‘ஸாத்’, பஞ்சாபியில் ‘ஸத்த்’. இப்படி இரட்டிப்பதைக் காட்ட, எழுத்துக்கு முன்னால் மேலே ‘அத்தக்’ என்னும் பிறைபோன்ற குறியை இடுகிறார்கள். நீரை இந்திக்காரர் ‘பானி’ என்பார், பஞ்சாபியர் ‘பாணி’ என்று டண்ணகரத்தை அழுத்திச் சொல்வார். ளகரமும் அங்கே உண்டு: ‘கோளி’ என்றால் மாத்திரை அல்லது துப்பாக்கிக் குண்டு, ‘கோலி’ என்றால் பணிப்பெண். அச்சில் ளகரத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே அதைப் பேச்சைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

வாக்கிய அமைப்பும் உறவுகொண்டதே. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை அப்படியே இருக்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் சொல்வதுபோல அவர்களும் ‘மைனூ புக்க் லக்கி ஹை’ என்று ‘எனக்கு’ என்றே தொடங்குகிறார்கள். பெரியப்பாவுக்குத் ‘தாயா’, சித்தப்பாவுக்குச் ‘சாச்சா’ என்று தனித்தனிச் சொல் உண்டு. தாயின் சகோதரர் அங்கும் ‘மாமா’தான்.

கடினம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. முட்டை ஆண்பால், மஞ்சள் பெண்பால். ஆகவே நல்ல முட்டை ‘சங்கா ஆண்டா’, நல்ல மஞ்சள் ‘சங்கி ஹல்தி’. இறந்தகாலத்தில் ‘சாப்பிட்டான்’ போன்ற வினைமுற்று, சாப்பிட்டவரை விட்டுவிட்டு, சாப்பிட்ட பொருளைப் பின்பற்றும். பையன் முட்டை சாப்பிட்டால் ‘முண்டே நே ஆண்டா காதா’. அதே பையன் ரொட்டி சாப்பிட்டால் ‘முண்டே நே ரோட்டி காதி’. எந்தச் சொல்லையும் அதன் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

இரண்டாவது, தொனி. வட இந்தியப் பெருமொழிகளில் இவ்வளவு தெளிவான தொனி பஞ்சாபிக்கே உரியது. ‘கோடா’ என்று சமமாகச் சொன்னால் சாட்டை. முதல் அசையில் குரலைத் தாழ்த்தினால் குதிரை. உயர்த்தினால் தொழுநோயாளி. எழுத்தில் மூன்றும் வெவ்வேறாக இருக்கும், வாயில் வரும் ஒலிகள் ஒன்றே. க, ச, ட, த, ப வரிசைகளின் நான்காம் எழுத்து சொல்லின் முதலில் வந்தால், அது வரிசையின் முதல் எழுத்தாகவே ஒலித்து அடுத்த உயிரைத் தாழ்த்திவிடும். அதனால் வீட்டைக் குறிக்கும் சொல்லும் ‘செய்’ என்னும் சொல்லும் ‘கர்’ என்றே கேட்கும். வேறுபாடு குரலின் இறக்கத்தில்தான். நூல் இதை விளக்கலாம், கற்றுத்தர முடியாது. விடுதி நண்பர்களிடமும் கடைத்தெருவிலும் வானொலியிலும் கேட்டுக் கேட்டே பழக வேண்டும்.

இந்தி வழியாகப் பஞ்சாபிக்குப் போவதுதான் சுலபம் என்று பலர் சொல்வார்கள். சொற்களில் அது ஓரளவு உண்மை. ஆனால் ணகரமும் ளகரமும் இரட்டிப்பும் தமிழர் நாவில் ஏற்கெனவே இருக்கும்போது, இந்தியின் உச்சரிப்பைப் பழகிப் பிறகு அதை மறக்க முயல்வது வீண் வேலை. தமிழிலிருந்து நேராகப் போவதே நல்ல வழி. மொழியின் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகங்கள் இரண்டு மாநிலங்களிலும் இருக்கின்றன: பாட்டியாலாவில் 1962-ல் தோன்றிய பஞ்சாபிப் பல்கலைக்கழகம், தஞ்சாவூரில் 1981-ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம். தமிழ் வழியாகப் பஞ்சாபி கற்பிக்கும் நல்லதொரு பாடநூலை, ஒலிப்பதிவோடு இவை சேர்ந்து கொண்டுவர வேண்டும்.

அதுவரை, வடக்கே படிக்கப் புறப்படும் மாணவர் ரயில் ஏறுமுன் முப்பத்தைந்து எழுத்தையும் எழுதிப் பழகிவிடட்டும். அவற்றில் குறைந்தது பதினான்கு அவருக்கு முன்பே தெரிந்த ஒலிகள்.