பழைய சர்வருக்குப் புதிய மூளை

சில ஆயிரம் ரூபாய் பிராசசர் ஒன்று பத்தாண்டு கண்ட சர்வருக்குப் புத்துயிர் தரும். ஆனால் செலவு பிராசசரோடு நிற்பதில்லை.

2016 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் ஜியான் இ5-2680 வி4 என்ற சர்வர் பிராசசரை வெளியிட்டபோது பட்டியல் விலை 1,745 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். இன்று டில்லி நேரு பிளேஸ், பெங்களூர் எஸ்.பி. சாலை, மும்பை லாமிங்டன் சாலை, சென்னை ரிச்சி தெரு என்று எந்தக் கம்ப்யூட்டர் சந்தையில் விசாரித்தாலும் அதே பிராசசர் செகண்ட் ஹேண்டில் சில ஆயிரம் ரூபாய்தான். அது கெட்டுப்போனதால் விலை சரியவில்லை. பெரிய டேட்டா சென்டர்கள் புதிய இயந்திரங்களுக்கு மாறியபோது பழையவற்றை வண்டி வண்டியாகக் கழித்துக்கட்டின. சந்தையில் சரக்கு குவிந்தது.

இந்தச் சரிவு யாருக்கு லாபம்? 2014க்கும் 2017க்கும் இடையில் சர்வர் வாங்கிவிட்டு, அதையே இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் கல்லூரி, மருத்துவமனை, அச்சகம், ஆடிட்டர் அலுவலகம் ஆகியவற்றுக்கு. புது சர்வர் என்றால் லட்சங்களில் பேச வேண்டும். நிர்வாகக் குழு கையெழுத்திடத் தயங்கும். பழையதைத் தட்டிக்கொட்டி ஓட்டுவது வெட்கப்பட வேண்டிய விஷயமும் அல்ல. மைக்ரோசாஃப்ட் 2022லும் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023லும் தங்கள் சர்வர்களின் ஆயுள் கணக்கை நான்கு ஆண்டிலிருந்து ஆறாக உயர்த்தின. பணக்காரர்களே துணியைத் துவைத்துக் கட்டும் காலம் இது.

ஆசைக்குக் காரணம் சாக்கெட். மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இருக்கை அது. இன்டெல் 2014 செப்டம்பரில் வி3 வரிசையை எல்ஜிஏ 2011-3 என்ற சாக்கெட்டோடு கொண்டுவந்தது. 2016இல் வந்த வி4 வரிசைக்கும் அதே சாக்கெட்தான். டெல் பவர்எட்ஜ் ஆர்730, எச்பி புரோலையன்ட் டிஎல்380 ஜென்9 போன்ற, இந்திய அலுவலகங்களுக்குப் பழக்கமான சர்வர்கள் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. சிக்கனமாக வாங்கியவர்கள் அன்று ஆறு கோர் கொண்ட இ5-2620 வி3 பிராசசர் இரண்டைப் போட்டிருப்பார்கள். மொத்தம் 12 கோர். அவற்றை எடுத்துவிட்டு இரண்டு இ5-2680 வி4 வைத்தால் 28 கோர். பெட்டி, மெமரி, ஹார்ட் டிஸ்க் எதையும் மாற்ற வேண்டாம்.

காகிதத்தில் இவ்வளவு சுலபம். தவறு நேரும் இடங்கள் வேறு.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. எல்ஜிஏ 2011 என்ற சாக்கெட்டும் எல்ஜிஏ 2011-3 என்ற சாக்கெட்டும் ஒரே எண்ணிக்கைத் தொடுமுனைகள் கொண்டவை. ஆனால் ஒன்றுக்குரியது மற்றதில் வேலை செய்யாது. முன்னது டிடிஆர்3 மெமரி காலத்தது. பின்னது பெரும்பாலும் டிடிஆர்4. கடைக்காரரிடம் "2011 சாக்கெட் பிராசசர்" என்று மட்டும் சொன்னால் போதாது. வி2வா வி4ஆ என்பதுதான் கேள்வி. வி3 ஒன்று, வி4 ஒன்று என ஜோடி சேர்க்கவும் முடியாது. இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, வரிசை மாறிய வேலை. 2014இல் தயாரான மதர்போர்டுக்கு 2016 பிராசசர் யாரென்றே தெரியாது. அறிமுகம் செய்துவைப்பது பயாஸ். எனவே பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். மாற்றிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றால் திரை இருட்டாகவே இருக்கும். சனிக்கிழமை மாலை தொடங்கும் வேலை திங்கள் காலை வரை நீண்டுபோவது இப்படித்தான். புதிய பயாஸ் கையில் கிடைக்குமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 2014 பிப்ரவரியிலிருந்து எச்பி, புரோலையன்ட் சர்வர்களின் பயாஸ் புதுப்பிப்புகளை வாரன்ட்டியோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. பிராசசர் சந்தையில் மலிவு. அதை அடையாளம் காட்டும் சிறு ஃபைல் பூட்டுக்குள்.

மூன்றாவது சூடு. பழைய 2620 வி3 பிராசசரின் வெப்ப அளவு 85 வாட். 2680 வி4க்கு 120 வாட். சிறிய ஹீட் சிங்கை அப்படியே மாட்டினால், வேலை கூடும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் மே மாத வெயிலில் காணாமல் போகும். அந்த மாடலுக்கு எத்தனை வாட் வரை அனுமதி, எந்த ஹீட் சிங்க் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். மின்சாரம் குறைவாகத் தின்னும் வகைகளும் உண்டு: இ5-2650எல் வி4க்கு 14 கோர், 65 வாட். ஆனால் அடிப்படை வேகம் 1.7 கிகாஹெர்ட்ஸ்தான்.

நான்காவது கை நடுக்கம். இந்தச் சாக்கெட்டில் ஊசிகள் பிராசசரில் இல்லை, மதர்போர்டில் இருக்கின்றன. பிராசசர் கை தவறிச் சாய்ந்து விழுந்தால் மயிரிழை போன்ற ஊசிகள் வளையும். சில ஆயிரம் ரூபாய் பிராசசருக்காக மதர்போர்டையே பறிகொடுக்க நேரும்.

இத்தனையும் தாண்டியவர்களுக்குக் கடைசி அதிர்ச்சி சாஃப்ட்வேர் பில். விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பிலிருந்து லைசென்ஸ் கணக்கு கோர் எண்ணிக்கைக்கு மாறியது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். 12 கோர் சர்வர் அந்த 16க்குள் அடங்கியது. 28 கோர் ஆனதும் மேலும் 12 கோருக்குப் பணம் கட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எனவே மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டியது, சர்வர் எதனால் மெதுவாக இருக்கிறது என்பது. பல இடங்களில் குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் புகார் அடங்கும். மெமரி பற்றாக்குறை என்றால் மெமரி. இரண்டு சாக்கெட்டில் ஒன்று காலியாக இருந்தால் அதற்குரிய மெமரி இடங்களும் செயலற்றுக் கிடக்கும். அங்கே இரண்டாவது பிராசசர் வாங்குவதே நல்ல முதலீடு. ஒரே கோரில் ஓடும் பழைய கணக்கு புரோகிராமுக்கு 14 கோர் வீண். எட்டே கோர், ஆனால் 3.2 கிகாஹெர்ட்ஸ் கொண்ட இ5-2667 வி4 பொருத்தமாக இருக்கும். அதற்கு 135 வாட் சூட்டைத் தாங்க வேண்டும்.

இரண்டு சர்வர்களின் வேலையை ஒன்றில் அடக்க முடிந்தால்தான் கூடுதல் கோர்களுக்கு உண்மையான பலன். இரவும் பகலும் 200 வாட் இழுக்கும் சர்வர் ஆண்டுக்கு 1,752 யூனிட் மின்சாரம் தின்கிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 14,016 ரூபாய். ஏ.சி. செலவு தனி. ஒரு சர்வரை அணைக்க முடிந்தால் பிராசசர் விலை ஓராண்டு மின் கட்டணத்திலேயே திரும்பிவிடும். அணைத்ததைக் காயலான் கடைக்குத் தள்ளாமல் மாற்றாளாக வைத்திருப்பது நல்லது. எல்லாவற்றையும் சுமக்கும் ஒற்றைப் பெட்டி தேர்வு முடிவு வெளியாகும் நாளில் படுத்தால், கல்லூரியே படுத்துவிடும். பிராசசருக்கு வயதாகாவிட்டாலும் பவர் சப்ளைக்கும் டிஸ்க்குகளுக்கும் வயதாகிறது.

எத்தனை நாளைக்கு? இந்தச் சாக்கெட்டின் பாதை வி4ஓடு முடிந்துவிட்டது. 2017இல் இன்டெல் 3647 தொடுமுனை சாக்கெட்டுக்குத் தாவியது. மறுபுறம், சாஃப்ட்வேர் இன்னும் கதவை முழுதாக மூடவில்லை. 2025இல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 10, ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பிராசசர்களை ஏற்க மறுக்கிறது. வி3, வி4 இரண்டிலும் அது உண்டு. பழைய எல்ஜிஏ 2011இன் வி2வில் இல்லை. ஒரே எண்ணுடைய இரு சாக்கெட்டுகளில் ஒன்று வாசலுக்கு உள்ளே, மற்றது வெளியே.

ஆக, வி4 மாற்றம் சில ஆண்டு அவகாசம் வாங்கித் தரும். அதற்குள் புது சர்வருக்குப் பணம் சேர்த்துவிட வேண்டும். கழற்றிய பழைய பிராசசரைப் பத்திரமாக ஒரு பெட்டியில் போட்டு அதே அலமாரியில் வையுங்கள். திங்கள் காலை திரை இருட்டாக இருந்தால் முதலில் தேவைப்படுவது அதுதான்.