உங்களுக்குத் தெரியுமா? கோப்பை போனாலும் குறையாத மவுசு

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கியபடி முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். அங்கே கல்லூரி அணிகளுக்கே லட்சக்கணக்கில் ரசிகர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தந்த மாநிலத்து ரசிகர்கள். ஒரே ஒரு கல்லூரி மட்டும் நூறு வருஷமாக நாடு முழுக்க ஆள் சேர்த்து வைத்திருக்கிறது: இண்டியானா மாநிலம், சவுத் பெண்ட் ஊரில் உள்ள நோட்டர் டேம். 1842இல் கத்தோலிக்கப் பாதிரியார்கள் தொடங்கிய பல்கலைக்கழகம்.

★

அவர்கள் ஆடிய முதல் ஆட்டமே தோல்வி. 1887 நவம்பர் 23 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பையன்கள் வந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த கையோடு 8-0 என்று ஜெயித்தும் போனார்கள்.

பிற்பாடு அதே மிச்சிகன்தான் குறுக்கே நின்றது. அந்த வட்டாரப் பெரிய கல்லூரிகளின் லீக்கில் (இன்றைய பிக் டென்) சேர நோட்டர் டேம் திரும்பத் திரும்பக் கேட்டது, கதவு திறக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட மாட்டேன் என்றால் என்ன செய்வது? ரயில் ஏறினார்கள். 1913இல் மட்டும் நியூயார்க் மாநிலத்து ராணுவ அகாடமி, பென்சில்வேனியா, டெக்சாஸ் என்று தொலைதூரம் போய் ஆடினார்கள். உள்ளூர் லீக்கில் இடம் கிடைத்திருந்தால் உள்ளூர் அணியாகவே இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

1999இல் பிக் டென் தானே கூப்பிட்டது. இந்த முறை வேண்டாம் என்றது நோட்டர் டேம். ஃபுட்பாலில் இன்றைக்கும் எந்த லீக்கிலும் சேராமல் தனியாகத்தான் ஆடுகிறது.

★

ராணுவ அகாடமியை 35-13 என்று கவிழ்த்த அந்த 1913 ஆட்டத்துக்கு ஒத்திகை நடந்தது கடற்கரை மாதிரியான ஓர் ஏரிக்கரையில். கோடை விடுமுறைக்கு ஒஹையோவின் சீடர் பாயிண்டில் வேலைக்குப் போன கஸ் டோரேயும் நூட் ராக்னியும், ஓய்வு நேரத்தில் மணலில் பந்தை எறிந்து பிடித்துப் பழகினார்கள். பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறி ஏழு வருஷம் ஆகியும் கிழக்கத்திய அணிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டோரே 17 முறை எறிந்தார், 14 கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த எறிமுறையையே இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. தப்பு. ஆனால் அந்தத் தப்பைத் திருத்த நோட்டர் டேம் ஒன்றும் அவசரப்படவில்லை.

★

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

1924 அக்டோபர் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். மறுபடி ராணுவ அகாடமியோடு ஆட்டம். இடைவேளையில் பத்திரிகையாளர் பகுதியில் ஜார்ஜ் ஸ்ட்ரிக்லர் என்ற மாணவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். ராக்னி அதற்குள் பயிற்சியாளர் ஆகியிருந்தார். அவருக்காகப் பத்திரிகை விளம்பர வேலை பார்த்த பையன்தான் ஸ்ட்ரிக்லர். சமீபத்தில் பார்த்திருந்த ஒரு வாலண்டினோ படம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் நாசம் கொண்டுவரும் நான்கு குதிரைவீரர்களைப் பெயரிலேயே வைத்த படம். நம் ஆட்டக்காரர்கள் நாலு பேரும் அப்படித்தான் என்று சொல்லிவைத்தார். காதில் வாங்கியவர்களில் ஒருவர் கிராண்ட்லண்ட் ரைஸ், அந்தக் காலத்து விளையாட்டு எழுத்தாளர்களில் உச்சத்தில் இருந்தவர். மறுநாள் அவர் கட்டுரையின் தொடக்கமே அந்த நான்கு குதிரைவீரர்கள்தான்.

இத்தோடு விட்டிருந்தால் அது ஒரு நாள் செய்தி. ஸ்ட்ரிக்லர் விடவில்லை. அணி ஊர் திரும்பியதும் நாலு வாடகைக் குதிரைகளைப் பிடித்தார். ஸ்டுல்ட்ரேர், மில்லர், க்ரௌலி, லேடன் நால்வரையும் ஆட்ட உடையிலேயே, கையில் பந்தோடு ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்கவைத்தார். படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. இத்தனைக்கும் நால்வரில் ஒருவர்கூட 74 கிலோவைத் தாண்டவில்லை. ஆட்டத்தில் ஜெயித்த வித்தியாசம் வெறும் ஆறு புள்ளி: 13-7.

★

ராக்னி 13 பருவங்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமன். இது எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைகளில் விளையாட்டு எழுதுகிறவர்களையே அவர் தன் அணியின் ஆட்டங்களுக்கு நடுவராகக் கூலி கொடுத்து அமர்த்தினார் என்பது பலருக்குத் தெரியாது. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ எழுத்தாளர் வால்டர் எக்கர்சால் விசில் ஊதவும் செய்வார், அதே ஆட்டத்தைப் பற்றி எழுதவும் செய்வார். அந்த நாளில் அது சகஜம். சகஜம் என்பதால் சரியாகிவிடாது.

★

ரேடியோ வந்தபோது பல கல்லூரிகள் பயந்தன: வீட்டிலேயே கேட்டால் மைதானத்துக்கு யார் வருவார்? நோட்டர் டேம் எந்த நிலையம் கேட்டாலும் காசு வாங்காமல் ஒலிபரப்ப விட்டது.

★

அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காத ரசிகர்களுக்கு ஒரு பட்டப்பெயர்: ‘சுரங்க ரயில் முன்னாள் மாணவர்கள்’. நியூயார்க்கில் வருஷா வருஷம் நடந்த ராணுவ அகாடமி ஆட்டத்துக்குச் சுரங்க ரயில் பிடித்து வந்த கூட்டம். ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடும்பங்களைச் சேர்ந்த உழைப்பாளி கத்தோலிக்கர்கள். கத்தோலிக்கர் என்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம் அது. கு கிளக்ஸ் கிளான் கூட்டத்துக்கு இண்டியானாவில் செல்வாக்கு கொடிகட்டிப் பறந்தது. 1924 மே மாதம் அவர்கள் சவுத் பெண்டில் கூடியபோது நோட்டர் டேம் மாணவர்கள் தெருவில் இறங்கிக் கைகலந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில்தான் குதிரைவீரர்கள். அந்தக் குடும்பங்களுக்கு சனிக்கிழமை வெற்றி வெறும் ஆட்டமா என்ன?

எதிரிகள் ஏளனமாக வீசிய ‘சண்டைக்கார ஐரிஷ்’ என்ற பெயரை, கல்லூரித் தலைவராக இருந்த பாதிரியார் மேத்யூ வால்ஷ் 1927இல் அதிகாரபூர்வமாகவே ஏற்றுக்கொண்டார்.

★

கல்லூரி முதன்மைக் கட்டடத்தின் குவிமாடம் தங்க முலாம் பூசியது. உச்சியில் மாதா சிலை. ஆட்டக்காரர் தலைக்கவசத்துக்கும் அதே நிறம். அந்த முலாம் வேலையில் மிஞ்சிய தங்கத் துகளைப் பெயிண்டில் கலந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து கவசங்களுக்குப் புதுப் பூச்சு அடிப்பார்கள். 2011 வரை இப்படித்தான். சட்டையின் முதுகில் ஆட்டக்காரர் பெயர் மட்டும் வழக்கமாக இருக்காது.

★

1956இல் நோட்டர் டேம் ஆடியது பத்து ஆட்டம், தோற்றது எட்டு. ஆனாலும் அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசு அவர்களுடைய பால் ஹார்னங்குக்கே போனது. தோற்ற கணக்கே அதிகமுள்ள அணியிலிருந்து அந்தப் பரிசை வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

இதைவிட வேடிக்கை ஜோ தைஸ்மன் கதை. வீட்டில் ‘தீஸ்மன்’ என்றுதான் சொல்வார்கள். கல்லூரியின் விளம்பர அதிகாரி ரோஜர் வால்டிசெரி, ‘ஹைஸ்மன்’ என்பதோடு எதுகை பொருந்தட்டும் என்று ‘தைஸ்மன்’ ஆக்கினார். 1970இல் பரிசு கிடைக்கவில்லை, இரண்டாம் இடம். மாறிய உச்சரிப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

★

1940இல் ராக்னியின் கதை ஹாலிவுட் படமானது. 1920இல் இளவயதிலேயே இறந்துபோன ஆட்டக்காரர் ஜார்ஜ் கிப்பாக நடித்தவர் ரொனால்ட் ரேகன். நாற்பது வருஷம் கழித்து வெள்ளை மாளிகைக்குப் போனபோதும் ‘கிப்பர்’ என்ற செல்லப்பெயர் கூடவே போனது.

★

கல்லூரி ஆட்டங்களின் டிவி உரிமையை ஒரே சங்கம் கையில் வைத்திருந்ததை 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தது. அதன் பிறகும் மற்றவர்கள் கூட்டாகவே பேரம் பேசிக்கொண்டிருக்க, 1990இல் நோட்டர் டேம் தனியாக என்.பி.சி.யோடு கையெழுத்துப் போட்டது: உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம், ஐந்து வருஷம், 3.8 கோடி டாலர். மற்றக் கல்லூரிகள் கொதித்துப்போயின. என்.பி.சி.யில் உள்ள ‘என்’ நேஷனலா, நோட்டர் டேமா என்று கிண்டல் கிளம்பியது.

★

எல்லாமே வியாபாரக் கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரில் மாணவர்கள் சண்டைக்குப் போய்விட, கல்லூரி தள்ளாடியது. கடற்படை அங்கே பயிற்சி முகாம் நடத்தித் தாங்கிப் பிடித்தது. அந்த நன்றிக்காகக் கடற்படை அகாடமி விரும்புகிறவரை ஆட்டம் உண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1964 முதல் 2006 வரை 43 முறை வரிசையாகத் தோற்றும் கடற்படை வந்துகொண்டே இருந்தது. 2007இல் மூன்று கூடுதல் சுற்றுகள் நீண்டு, 46-44 என்று ஒருவழியாக ஜெயித்தது.

★

நோட்டர் டேம் கடைசியாக தேசியப் பட்டம் வென்றது 1988 பருவத்தில். 2013 ஜனவரி இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் 42-14 என்று உதை வாங்கியது. 2025 ஜனவரியில் ஒஹையோ ஸ்டேட்டிடம் 34-23. என்.பி.சி. ஒப்பந்தம் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.